கணவருக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் குடிமறப்புத் தூள் கலக்கலாமா?

வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. கணவர் மேசன், வயது 42. கலியாணம் செய்த புதிதில் கூலி கிடைக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் குடித்தவர். இப்போது சில வருடங்களாக நாள் தவறாமல் அரைப் போத்தல் சாராயம். விடியற்காலையில் கை நடுக்கம் அடங்கவும் ஒரு மிடறு தேவைப்படுகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் தம்பியை இழந்தவர். "குடிக்காட்டில் நித்திரை வராது" என்பதுதான் அவர் சொல்லும் ஒரே காரணம். போன வருடம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள், "இனித் தொடமாட்டன்" என்று கோயில் வாசலில் சத்தியம் செய்து நிறுத்தினார். அடுத்த நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊருகிறது என்றார், செத்துப்போன தம்பியோடு கதைத்தார். மாமியார் செய்வினை என்றார். மைத்துனர் சாராயத்தைப் பருக்கினார். மெல்ல மெல்ல எல்லாம் அடங்கியது. சத்தியமும் அதோடு முடிந்தது.

இப்போது கனடாவில் இருக்கும் அண்ணன், தெரிந்த ஒருவர் மூலம் ஒரு தூளை அனுப்பிவைத்திருக்கிறார். மணமும் ருசியும் இல்லையாம், தேத்தண்ணியில் கலந்து கொடுத்தால் இரண்டு கிழமையில் குடியை வெறுத்துவிடுவாராம். உறையில் மருந்தின் பெயர் இல்லை. மச்சாளோ, "பட்டுத் தெளியட்டும், நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போ" என்கிறார். தூளைக் கொடுக்கலாமா, ஒரு சேலைன் ஏற்றினால் உடம்பு சுத்தமாகுமா, அண்ணன் காசு தந்தால் தனியார் இல்லம் ஒன்றில் விடலாமா, வீட்டை விட்டுப் போவதா, போத்தலை ஒளிப்பதைப் பார்த்துவிட்ட பன்னிரண்டு வயது மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார். ஒருமுறை கணவர் தன்னை அடித்ததையும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

தூளைக் கொடுக்கவேண்டாம். இன்றைக்கும் வேண்டாம், என்றைக்கும் வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் அதைக் கையில் எடுத்தது ஆற்றாமையால் என்பது எனக்கு விளங்குகிறது. இதே கேள்வியோடு வரும் மனைவிமாரும் தாய்மாரும் எங்கள் கிளினிக்கில் நிறையப் பேர்.

அந்தத் தூளில் என்ன இருக்கலாம்

பெயர் இல்லாத பொடியில் என்ன இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி இரகசியமாகக் கொடுக்கச் சொல்லி விற்கப்படுபவற்றில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது டைசல்பிரம் என்ற மருந்தை. அது போலி மருந்தல்ல, முறையான மருந்துதான். 1940களில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கொப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் குடற்புழுவுக்கு மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு மது அருந்தியபோது உடம்பு படாத பாடு பட்டது. குடிநோய்க்கு அது மருந்தான கதை அப்படித் தொடங்கியது.

மதுவை ஈரல் முதலில் அசற்றல்டிகைட் என்ற நஞ்சாக மாற்றும், பிறகு அந்த நஞ்சை உடைக்கும். டைசல்பிரம் இரண்டாவது வேலையை மறித்துவிடுகிறது. நஞ்சு உடம்பில் தேங்குகிறது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை பிளப்பது போல வலிக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் விழும். இதய நோயோ ஈரல் பாதிப்போ உள்ளவருக்கு இது உயிராபத்து. ஆகவேதான் கடைசியாகக் குடித்து 24 மணித்தியாலமாவது கழியாமல் இந்த மருந்தை நாங்கள் தொடங்குவதில்லை. ஈரலைப் பரிசோதிக்காமலும் தொடங்குவதில்லை. உங்கள் கணவர் விடியற்காலையே குடிப்பவர். அவருடைய நாளில் 24 மணித்தியால இடைவெளி எங்கே இருக்கிறது? முதல் தேத்தண்ணியிலேயே விபரீதம் நடக்கலாம். நிறுத்தினாலும் 14 நாள் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவர் வாந்தியை அடக்க இன்னொரு மிடறு குடிப்பார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாலும் வைத்தியருக்கு என்ன கொடுபட்டது என்று தெரியாது.

இதற்கும் மேலாக ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் 605 பேரிடம் செய்து 1986இல் வெளியான ஆய்வில், டைசல்பிரம் எழுதிக் கொடுத்ததால் மட்டும் முழுமையாகக் குடியை விட்டவர் தொகை கூடவில்லை. பெரும்பாலானோர் குளிசையை ஒழுங்காகப் போடவேயில்லை. 2014இல் 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது காரணம் இன்னும் தெளிவானது. தான் டைசல்பிரம் போடுகிறேன் என்று நோயாளி அறிந்திருந்த ஆய்வுகளில் அது பயன் தந்தது. மருந்தா வெறும் மாவா என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்த ஆய்வுகளில் பயன் தென்படவில்லை. அதாவது, "இதைப் போட்டிருக்கிறேன், இன்றைக்குக் குடித்தால் தாங்கமாட்டேன்" என்று அவரே தனக்குள் சொல்லிக்கொள்வதுதான் இந்த மருந்தின் பலம். அவருக்குத் தெரியாமல் கலந்தால் நஞ்சு மட்டும் உள்ளே போகிறது, பலம் வெளியே நின்றுவிடுகிறது. ஒருநாள் அவருக்குத் தெரியவந்தால், உங்கள் கையால் ஒரு வாய் சோறு வாங்கவும் அஞ்சுவார். பிறகு எந்த வைத்தியரின் குளிசையையும் நம்பமாட்டார்.

அதே மருந்தை அவர் சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் முன்னால் போட்டால் கதை வேறு. அது பின்னால் வரக்கூடிய ஒரு வழி. நல்ட்ரெக்ஸோன், அகம்புரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. அவற்றின் பயனையும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்: நல்ட்ரெக்ஸோனைப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தால், மருந்தில்லாவிட்டால் பெருங்குடிக்குத் திரும்பியிருக்கக்கூடிய ஒருவரைக் கூடுதலாகக் காப்பாற்றலாம் என்பதே ஆய்வுகளின் கணக்கு. சிறியதாகத் தோன்றும். ஆனால் நாட்பட்ட வருத்தங்களுக்குக் கொடுக்கும் பல மருந்துகளோடு ஒப்பிட்டால் இது மோசமான கணக்கல்ல. எது அவருடைய ஈரலுக்குப் பொருந்தும் என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

கொடியேற்றக் காலத்தில் நடந்தது செய்வினை அல்ல

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயப்படுத்திய பகுதி இதுதான். சத்தியம் பொய்த்துவிட்டது என்று நீங்கள் வருந்துகிறீர்கள். நான் பார்ப்பது, அன்று அவர் சாகாமல் தப்பியதை.

அரைப் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 100 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. தினமும் அவ்வளவு உள்ளே போகும்போது, மதுவின் மந்தத்தை ஈடுகட்ட மூளை தன்னைத் தானே முறுக்கி வைத்துக்கொள்கிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, படபடப்பு முதலில் வரும். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் பிதற்றல் தொடங்கும். பூச்சி ஊர்வது, இறந்தவர்கள் தெரிவது, நேரம் இடம் குழம்புவது எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் எழுதிய நாட்கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. தம்பி தெரிந்ததற்குக் காரணம் யாருடைய ஏவலும் இல்லை. குழம்பிய மூளை, நெஞ்சில் ஏற்கனவே இருந்தவரைக் கூட்டிவந்தது.

ஒரு காலத்தில் வைத்தியர்களுக்கும் இதில் தெளிவில்லை. வலிப்பு மதுவால் வருகிறதா, சாப்பாடில்லாமையால் வருகிறதா என்று வாதம் நடந்தது. 1955இல் ஹரிஸ் இஸ்பெல் என்பவரின் குழு அமெரிக்காவில் சிலருக்கு நல்ல சாப்பாடும் கொடுத்து, வாரக்கணக்காக மதுவும் கொடுத்து, பிறகு சடுதியாக நிறுத்திப் பார்த்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கும் வலிப்பும் பிதற்றலும் வந்தன. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் போதைக்கு அடிமையாகி அடைபட்டிருந்தவர்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொன்றுக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனாலும் குடியை நிறுத்துவதே மருத்துவ மேற்பார்வை வேண்டிய காரியம் என்பது அவர்களுடைய உடம்புகளில்தான் நிறுவப்பட்டது.

ஆகவே வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தவேண்டாம். இன்னொரு சத்தியமும் வாங்கவேண்டாம். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரக்கூடும். வைத்தியசாலைக்குப் போகும் நாள் வரை சடுதியாக நிறுத்தாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. ஒரு வைத்தியர் இப்படி எழுதுவது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். பார்மசியில் நித்திரைக் குளிசை வாங்கி நீங்களாகக் கொடுப்பதும் வேண்டாம், சாராயத்தோடு அது சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம்.

சேலைன் பற்றிக் கேட்டீர்கள். மதுவை அது கழுவி வெளியேற்றாது. நெடுநாள் குடிப்பவரின் உடம்பில் தயமின் என்ற விற்றமின் பி1 வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் கரைந்து, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் ஆடும், ஞாபகம் போய்விடும். வாட்டில் அனுமதித்தால் தயமின் ஊசி முதலில் போடுவோம். மூளையின் முறுக்கைத் தளர்த்த டயசெபாம் போன்ற ஒரு மருந்தை உயர்ந்த அளவில் தொடங்கி, ஒரு கிழமைக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். உடம்பைப் பொறுத்தவரை இந்தப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே முடியும்.

"பட்டுத் தெளியட்டும்" என்பவர்களுக்கு

மச்சாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் நம்புகிறது. குடிப்பவர் தானாக மனம் வைக்கும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அந்த நம்பிக்கை. ஆராய்ச்சி அதை ஆதரிக்கவில்லை.

நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லர், ரொபட் மேயர்ஸ் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். சிகிச்சைக்கே வரமாட்டேன் என்று நின்ற குடிநோயாளரின் குடும்பத்தவர் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, "உன்னால் அவரை மாற்ற முடியாது, உன் மனதைப் பார்த்துக்கொள்" என்ற வழி. இன்னொரு பிரிவினருக்கு, உறவினர் எல்லாரும் கூடி ஒருநாள் நேருக்கு நேர் நெருக்குதல் கொடுக்கும் வழி. மூன்றாம் பிரிவினருக்கு, வீட்டில் எப்படிப் பேசுவது, எப்போது பேசுவது, எதற்குத் துணைநிற்பது, எதற்கு விலகுவது என்ற பயிற்சி. சிகிச்சைக்கு வந்தவர்கள் முறையே 13 வீதம், 30 வீதம், 64 வீதம். அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு, அதே எண்ணிக்கை இங்கே கிடைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். ஆனால் மனைவியின் பேச்சுக்கு இவ்வளவு பலம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு, அதை வீணாக்க எனக்கு மனமில்லை.

அந்தப் பயிற்சியில் உங்களுக்கு உதவக்கூடியவற்றைச் சொல்கிறேன். வெறியில் வரும்போது பேசவேண்டாம், அழவும் வேண்டாம், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படுங்கள். வாதமும் கண்ணீரும் அந்நேரம் அவர் காதில் ஏறாது. நடுக்கம் அடங்கியிருக்கும் தெளிவான வேளை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அவ்வேளையில் நன்றாக இருங்கள், அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வையுங்கள், மகனின் பாடக் கொப்பியைக் காட்டுங்கள். குடியின் விளைவை மட்டும் நீங்கள் சுமக்காதீர்கள். "காய்ச்சல்" என்று மேசன்பாசிடம் பொய் சொல்வது, தவறணைக் கடனை அடைப்பது, வாந்தியை இரவோடு இரவாகக் கழுவுவது எல்லாம் அவர் பார்க்கவேண்டியவற்றை அவர் கண்ணிலிருந்து மறைக்கின்றன. கொங்கிறீற் போட்ட நாளில் வேலைத்தலத்திலேயே போத்தல் உடைபடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை கூலியில் ஒரு பங்கை நேராக வங்கியில் போட அவரே சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஒருநாள், சுருக்கமாக: "அண்டைக்கு உங்களுக்கு வந்த வலிப்பு நிப்பாட்டினதால வந்த வருத்தமாம். மருந்தோட நிப்பாட்டினால் அப்பிடி வராதாம். ஒருக்கால் போய்க் கதைச்சுப் பாப்பம், நானும் வாறன்." அவ்வளவுதான். குடிகாரன் என்ற சொல் வரக்கூடாது. "இல்லை" என்றால் விட்டுவிட்டு இன்னொரு நல்ல வேளைக்குக் காத்திருங்கள். அவர் தோற்றுப்போன சத்தியத்தை எண்ணி உங்களைவிட அதிகம் வெட்கப்படுகிறார் என்றே நினைக்கிறேன். நிறுத்த முயன்ற மனிதர் அவர், அதை அவருக்குச் சொல்லுங்கள்.

எங்கே போவது

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை. அவர் இப்போதே வராவிட்டால் நீங்கள் தனியாகவாவது வாருங்கள். போக முடியாவிட்டால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கோ, தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கோ அழையுங்கள். வலிப்பு, பிதற்றல், கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் 1990 அம்புலன்ஸ்தான், பூசாரி அல்ல. கோயிலுக்கும் போங்கள், நான் மறிக்கவில்லை, ஆனால் வைத்தியசாலைக்குப் போன பிறகு.

அண்ணனின் காசில் தனியார் இல்லம் என்றால் சில கேள்விகளைக் கேளுங்கள். முதல் கிழமையில் வைத்தியர் இருக்கிறாரா? தயமினும் குறைத்துக் கொடுக்கும் மருந்தும் உண்டா? நீங்கள் போய்ப் பார்க்கலாமா, அவர் போனில் கதைக்கலாமா? அடிப்பார்களா, கட்டுவார்களா? கடைசிக் கேள்விக்கு "ஒழுங்குக்காகக் கொஞ்சம்" என்று பதில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மூன்று மாதம் சுவருக்குள் இருந்தவர் நான்காம் மாதம் அதே தவறணை வழியாகத்தான் வேலைக்குப் போகவேண்டும். அண்ணன் உதவ விரும்பினால், அந்த நான்காம் மாதத்துக்கு உதவட்டும்: கிளினிக்குக்கு வரும் நாட்களில் இழக்கும் கூலிக்கு ஈடாக ஏதாவது.

மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ணவேண்டாம். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 வீதம் பேர் மீண்டும் வழுக்குகிறார்கள், அது உயர் இரத்த அழுத்தக்காரரும் ஆஸ்துமாக்காரரும் வழுக்குவதைப் போன்றதே என்று 2000ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. அன்றே, அல்லது அடுத்த நாளே, எங்களிடம் கூட்டி வாருங்கள்.

நித்திரையைப் பற்றி ஒரு சொல். சாராயம் முதல் சாமத்தில் நித்திரை தரும், பின்சாமத்தில் அதையே பறிக்கும். குடியை நிறுத்தினாலும் சில கிழமைகளுக்கு நித்திரை சரியாக வராது, அதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவையுங்கள். தம்பியின் துயரம் வேறு. உடலும் இல்லாமல், செய்யவேண்டிய கிரியைகளும் சரிவரச் செய்யாமல் பிரிந்தவர்களுக்காக இந்த மண்ணில் எத்தனையோ பேர் இரவில் விழித்திருக்கிறார்கள். அவர் தெளிந்த பிறகு அதற்கும் சிகிச்சை உண்டு, பேசும் நேரமும் உண்டு. தெளியாமல் அதைத் தொட முடியாது. சாகவேண்டும் என்று எப்போதாவது கதைத்தால் காத்திருக்காதீர்கள். தோட்டத்துக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து இப்போதே அகற்றுங்கள்.

நீங்களும் பிள்ளைகளும்

"ஒருமுறை அடித்தார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நோய் என்று நான் சொல்வது அடிக்கு மன்னிப்பு ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது 12 மாதம் வரை செல்லும். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். கட்டளை கேட்பது அவரைச் சிறைக்கு அனுப்புவதல்ல, கலியாணத்தை முறிப்பதும் அல்ல. தாய் வீட்டுக்குப் போவது அவருக்குப் பாடம் படிப்பிக்க என்றால் வேண்டாம் என்பேன். பயத்தால் என்றால் இன்றைக்கே போங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சக் காசு இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான அயலவரிடம் வைத்திருங்கள். நீங்கள் பேசும் முறை அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரக்கூடும் என்று மேலே எழுதினேன், அடி விழும் வீட்டில் அந்தப் பொறுப்பு உங்களுக்கு இல்லை.

மகளிடம் மறைக்கவேண்டாம். அவளுக்கு ஏற்கனவே தெரியும், தெரியாததை அவள் தானாக இட்டு நிரப்பிக்கொள்வாள், அதில் தன் மேலும் ஒரு பழியைப் போட்டுக்கொள்வாள். "அப்பாவுக்கு ஒரு வருத்தம், குடியை நிப்பாட்ட ஏலாத வருத்தம். அது உன்னால வந்ததில்லை, உன்னால மாத்தவும் ஏலாது. டொக்டர்மார் பாக்கிறதுதான். உனக்குப் பயமாயிருந்தால் அம்மம்மாவுக்குப் போன் பண்ணு" என்று சொல்லுங்கள். போத்தலைத் தேடவோ ஊற்றிவிடவோ கடைக்குப் போகவோ அவளைச் சேர்க்காதீர்கள். அப்பா வாட்டில் இருக்கும் கிழமை அவள் எங்கே படுப்பாள், யார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார் என்பதை இப்போதே முடிவு செய்து அவளிடமும் சொல்லுங்கள். வகுப்பாசிரியர் நம்பத்தக்கவர் என்றால் அவருக்கும் ஒரு வார்த்தை.

கிளினிக்குக்கு வரும்போது அந்தத் தூளையும் உறையோடு கொண்டுவாருங்கள். போன வருடம் வலிப்பு வந்த நாளும் நேரமும், அவர் ஒரு நாளில் எத்தனை முறை என்ன குடிக்கிறார் என்பதும், போடும் வேறு குளிசைகளும் ஒரு தாளில் எழுதியிருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.